கை நனைக்க வந்தவன்

தங்கமாயன் கை கழுவிக்கொண்டிருக்கிறான். கறி வெட்டும் கட்டையின் முன்னால் நான் குந்தியிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால், மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம், நீலப் பீப்பாயில் செம்பு முங்குகிற சத்தம் கேட்கிறது. ஒரு செம்பு. இன்னொரு செம்பு. கொப்பளித்துத் துப்புகிறான். அது பாறைச் சுனையில் இருந்து குழாய் வைத்து இறக்கிய தண்ணீர், தொட்டால் விரல் மரத்துப் போகும், டவுன்காரர்கள் தொட்டதும் ஆ என்று கத்துவார்கள். இவன் கத்தவில்லை. கத்துகிற பழக்கம் இவனுக்குக் கிடையாது, கத்த வைக்கிற பழக்கம்தான். கத்தி ஆட்டுத்தொடையின் எலும்பில் இறங்கிப் பாதியில் நின்றுவிட்டது. இழுக்கிறேன், வரவில்லை, ஆட்டி ஆட்டி இழுக்கிறேன். கழுத்தாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. கழுத்தில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது, பார்த்துப் போட்டால் ஒரே போடு. ஆட்டுக்கு இருக்கிறது. எஸ்டேட் மேஸ்திரி தங்கமாயனுக்கும் இருக்கும். அவன் மட்டும் என்ன எலும்பு இல்லாமலா பிறந்தான். என் தங்கை பவுனுத்தாயி சமையல்கட்டை ஒட்டிய சாமான் அறையில் அரிசி மூட்டை மேல் படுத்திருக்கிறாள். அவளுடைய இடது மணிக்கட்டை அவள் புருஷன் இவன் முறுக்கி ஒடித்துவிட்டான். விடியும்போது காப்பித் தோட்டத்துக் குறுக்குப் பாதையில், ஒடிந்த கையை மாராப்புக்குள் பொதிந்துகொண்டு, அட்டைக்கடி ரத்தம் காலெல்லாம் வழிய இறங்கி வந்தாள். இப்போது உச்சி நேரம், கடையில் பந்தி நடக்கிறது, அவள் கையை ஒடித்தவன் என் கடை வாசலில் நின்று ஒடித்த கையையே தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறான். இவ்வளவு சுத்தமாகக் கை கழுவுகிற அயோக்கியனை நான் பார்த்ததில்லை.

அவன் பசிக்கு வரவில்லை. பசிக்கு என்றால் எஸ்டேட்டிலேயே கேன்டீன் இருக்கிறது. கை நனைக்க வந்திருக்கிறான். எங்கள் நரிப்பாறையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒரு வழக்கம். புருஷன் அடித்துப் பெண்டாட்டி பிறந்த வீட்டுக்கு ஓடிவந்துவிட்டால் அவன் பின்னாலேயே வந்து அந்த வீட்டில் சாப்பிட வேண்டும். அவளுடைய அண்ணனோ தம்பியோ தன் கையால் குழம்பு ஊற்ற வேண்டும். இவன் பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டால் சண்டை செத்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. அவள் சேலையை உதறிக்கொண்டு அவன் பின்னால் போய்விட வேண்டும். இதை யார் கண்டுபிடித்தானோ தெரியாது, நிச்சயம் அவன் ஒரு புருஷன். சரி, ஊற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? இலையில் உட்கார்ந்தவனுக்கு ஊற்றாத வீட்டில் இந்த மலையில் ஒருத்தன் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டான். மற்றவர்களுக்கு அதனால் மானம் போகும், எனக்கு அடுப்பே அணைந்து போகும். வீடும் கடையும் எனக்கு ஒன்றுதான், முன்பக்கம் நாலு பெஞ்சு, பின்பக்கம் நாங்கள். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, பந்தி நிறைந்த நேரமாகப் பார்த்து வந்திருக்கிறான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ரூபாய் நோட்டு வெளியே தெரிகிற மாதிரி. போன தடவையும் இதே வேட்டிதான். போன தடவை குழம்பு ஊற்றி முடித்ததும் ஜீப்காரர் குபேந்திரன் "பேச்சு முடிஞ்சது, வண்டில ஏறு தாயி" என்று பவுனைக் கூப்பிட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறினாள். வளைவில் ஜீப் மறைகிற வரைக்கும் அந்த முகம் தெரிந்தது. அந்த முகத்தை நினைத்தால் கத்தி தானாக ஓங்குகிறது. எலும்பு பிளந்தது, துண்டு ஒன்று தெறித்து என் கன்னத்தில் அடித்தது.

"அண்ணா, ஸ்டார்ட் பண்ணலாமா?" என்கிறது ஒரு குரல். மறந்தே போனேன். மிருதுளா என்று ஒரு பெண், சென்னையில் இருந்து வந்திருக்கிறது, ஒரு குச்சியின் நுனியில் போனை மாட்டிக்கொண்டு காலையில் இருந்து மலை முழுக்கச் சுற்றுகிறது. மலைக்கு வருகிறவர்கள் எங்கே சாப்பிடலாம், எங்கே என்ன குடிக்கலாம் என்று வீடியோ போடுமாம். நல்ல பிள்ளை, சிரித்த முகம். கறி வெட்டுவதையும் எடுக்கலாமா என்று கேட்டது, எடு தாயி என்று சொல்லிவிட்டேன், அப்போது இவன் வரவில்லை. "கீழேயிருந்து வர்றவங்க முதல்ல எங்க நிறுத்தணும்ணா?" "செக்போஸ்ட்டுக்கு எதுத்தாப்ல மலையாளத்தார் கடைம்மா. டீ குடிங்க. பாலு அப்பப்பக் கறந்த பாலு. ஆனா வடை திங்காதீக, எண்ணெ பழசு." செக்போஸ்ட்டைத் தாண்டி ஒரு இடத்தில் சுவர் இடிந்திருக்கிறது, கட்டவில்லை. அங்கே இருந்து தள்ளினால் கீழே போய்ச் சேரும்வரை ஒரு மரம்கூடத் தடுக்காது. "அப்புறம்?" "அப்புறம் அஞ்சாவது வளைவுல ஒரு பாட்டில்காரி இருப்பா, தேன் விப்பா, வாங்காதீக, பாகு. அதுக்கு மேல போயி ரோட்டோரம் கடுங்காப்பி குடிங்க. இங்க வெளஞ்ச கொட்டை, வறுத்து இடிச்சுக் கருப்பட்டி போட்டது." கொதிக்கிற கடுங்காப்பியை முகத்தில் ஊற்றினால் கண் போகுமா? கண் போனால் போதுமா? போதாது. பார்வை இல்லாதவனும் கை ஓங்குவான். கைதான் போக வேண்டும். ரெண்டு கையும் முழங்கையோடு. அப்புறம் எதைக் கழுவுவான், எதைப் பிசைவான். "மேல எஸ்டேட் பக்கம் சாப்பிட ஏதாச்சும் இருக்கா அண்ணா?" "அங்க போகாதம்மா" என்கிறேன், சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, அந்தப் பெண் குச்சியைக் கொஞ்சம் தாழ்த்தியது. "அங்க ஒண்ணும் இல்லம்மா. அட்டைதான் இருக்கு. ரத்தத்தக் குடிச்சுப்புட்டு உழுகும்." அது சிரித்தது. நானும் சிரித்தேன். மனுஷனுக்குப் பல் எதற்கு இருக்கிறது, உள்ளே இருப்பது வெளியே வராமல் பார்த்துக்கொள்ளத்தான்.

தட்டிக்கு அந்தப் பக்கம் என் பெண்டாட்டி ராமுத்தாயியின் குரல் கேட்கிறது. "வாங்கண்ணே. உக்காருங்க." இலை விரிக்கிற சத்தம். பழக்க தோஷம், அவள் கையைச் சொல்லிக் குற்றம் இல்லை, யார் வந்து உட்கார்ந்தாலும் அந்தக் கை இலை போட்டுவிடும், எமனே வந்தாலும் போட்டுவிட்டு ரசமா மோரா என்று கேட்கும். போட்டுவிட்டாள். இனிமேல் அவனை எழுப்ப முடியாது. தண்ணீர் தெளிக்கிறான். சோறு விழுகிறது. சோறு போட்டாயிற்று, நான் போய்க் குழம்பு ஊற்றுகிறவரை தொடாமல் உட்கார்ந்திருப்பான், பெரிய மரியாதைக்காரன். "மச்சான் இல்லீகளா?" என்று கேட்கிறான். என்ன ஒரு குரல், பாகு ஒழுகுகிறது. "உள்ள கறி வெட்டுறாக, வருவாக" என்கிறாள் ராமுத்தாயி. வருவேன். கட்டாயம் வருவேன். எழுந்து சாமான் அறைக்குள் போனேன். கை முழுக்க ஆட்டு ரத்தம், கத்தியையும் கீழே வைக்கவில்லை. அறையில் பூண்டு வாசனை, மிளகு மூட்டை வாசனை, அதற்கு நடுவில் அவள் தலையில் இருந்து புகையும் வேர்வையும். ஒரு கண் வீங்கி மூடிக் கிடக்கிறது. ரெண்டு மூங்கில் பத்தையை வைத்து, துண்டைக் கிழித்துக் கட்டிய கை வயிற்றின் மேல் கிடக்கிறது. விரல் நுனியெல்லாம் நாவல்பழ நிறம். கழுத்தைப் பார்த்தேன். காலையில் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள், இப்போது விலகியிருக்கிறது. ஒரு பக்கம் நாலு விரல், இன்னொரு பக்கம் கட்டைவிரல். அவன் கை அளவு அப்படியே இருக்கிறது, கழுவினால் போகாது. "இது என்னாது?" என்றேன். "ஒண்ணுமில்லண்ணே." "என்னாதுங்கிறேன்." அவள் கூரையைப் பார்த்தாள். "நெரிச்சாரு. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. அப்ப பாரேன், நம்ம கடை ரசம் வாசனை வந்துச்சுண்ணே. பச்சை மெளகு தட்டிப் போடுவேல்ல, அது. சாகப் போறப்பவும் சோத்து நெனப்பப் பாரு கழுதைக்கு." சிரிக்கப் பார்த்தாள், உதடு வெடித்திருந்ததால் பாதியோடு நின்றது. அழுதுவிட்டேன், ஆமாம், கையில் கத்தியை வைத்துக்கொண்டு ஒரு நாற்பது வயதுக்காரன் பூண்டு மூட்டைக்கு நடுவில் நின்று அழுதேன்.

"வந்துருக்காரா?" என்றாள். "வந்துருக்கான்." "இலை போட்டாச்சா?" "போட்டாச்சு." அவள் நல்ல கையால் மூட்டையின் சணலைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, "நான் அங்க போனா வர மாட்டேன்ணே. இந்தத் தடவை விட மாட்டாரு" என்றாள். "நீ போகப் போறதில்ல." "அப்ப ஊத்த மாட்டியா?" நான் கத்தியைப் பார்த்தேன். அவளும் கத்தியைப் பார்த்தாள். "அவர வெட்டிப்புட்டு நீ ஜெயிலுக்குப் போயிருவ. அண்ணி அடுப்படியில உக்காந்து அழும். அவரு தம்பிமாரு ரெண்டு பேரு இருக்காக, அவுக என்னைய விடுவாகளா? யோசிச்சியா நீ?" யோசிக்கவில்லை. காலையில் இருந்து வெட்டுவது வரைக்கும்தான் யோசிக்கிறேன், எத்தனையோ விதமாக யோசிக்கிறேன், கழுத்தில், தோளில், குனிந்து சாப்பிடும்போது பிடரியில். வெட்டிய பிறகு என்ன என்கிற இடத்துக்கு வந்ததும் மனசு திரும்பிப் போய் மறுபடி முதலில் இருந்து வெட்ட ஆரம்பித்துவிடுகிறது. ரத்தம் இலையில் பாயும், சோறு சிவக்கும், பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து ஓடுவார்கள், அந்தச் சென்னைப் பெண் வீல் என்று கத்தும், எல்லாம் தெரிகிறது. மறுநாள் காலையில் பவுனுக்கு யார் சோறு போடுவது என்பது மட்டும் தெரியவில்லை. எங்கள் அம்மாவையும் இப்படித்தான் மாமன்மார் அனுப்பி வைத்தார்கள். அய்யா போய் வயிறு முட்டத் தின்றுவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டே அம்மாவை முன்னால் நடக்க விட்டுக் கூட்டிவந்தார். ஏப்பத்தில் கோழிக்கறி வாசனை. ஒரு மழைக்காலத்தில் அம்மா பள்ளத்தில் கிடந்தாள். வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொன்னார்கள். கருமாதிச் சோற்றையும் அதே மாமன்மார்தான் போட்டார்கள், குறை சொல்லக் கூடாது, அருமையான சோறு. பவுனுக்கு அப்போது நடை பழகுகிற வயது. இவளுக்கும் ஒரு பள்ளம் எங்கேயோ காத்திருக்கிறது என்று எனக்குப் பயமாக இருக்கிறது, இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, பயம்தான்.

"ஏங்க, அண்ணன் காத்துருக்காக" என்று ராமுத்தாயி கூப்பிட்டாள். நான் குழம்பு வாளியைத் தூக்கினேன். அடுப்பில் இருந்து இப்போதுதான் இறக்கியது, மேலே எண்ணெய் பிரிந்து கொப்புளம் விடுகிறது. வலது கையில் கத்தி, இடது கையில் வாளி. எதைக் கீழே வைப்பது என்று தெரியாமல் ரெண்டோடும் முன்பக்கம் வந்துவிட்டேன். பெஞ்சில் எல்லாரும் தலை தூக்கினார்கள். குபேந்திரன் ஒரு ஓரத்தில் மோர்ச்சோற்றில் இருந்தார், கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். எல்லாருக்கும் தெரியும். காலையில் பவுனு இறங்கி வந்ததை இந்த வளைவில் பார்க்காதவர் யாரும் இல்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்க மாட்டார்கள், கை நனைகிற வரைக்கும் காத்திருப்பார்கள். தங்கமாயன் சம்மணம் போட்ட மாதிரி பெஞ்சில் காலை மடித்து உட்கார்ந்திருந்தான். முன்னால் சோறு ஆவி விடுகிறது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரித்தான். "என்னா மச்சான், ஆயுதத்தோட வர்றீக." ரெண்டு பேர் அவனோடு சேர்ந்து சிரித்தார்கள். வாளியை அப்படியே கவிழ்த்துவிடலாம். உச்சந்தலையில் ஆரம்பித்து, காதுக்குள்ளே, சட்டைக்குள்ளே. தோல் உரியும். ஒரு நொடி போதும். கை தூக்கியும் விட்டது. "அண்ணா, முழுச் சாப்பாடு என்ன விலைன்னு கேமராவப் பாத்து ஒருதடவை சொல்லிடுங்களேன்" என்றது அந்தப் பெண், பாவம், அதற்கு என்ன தெரியும். "சாப்பாடு நூத்தி முப்பது, கறி தனி" என்று கத்தினேன். காலையில் இருந்து கத்தாத கத்தெல்லாம் அதில் வந்தது. அந்தக் கத்தலில் கை இறங்கிவிட்டது. கத்தி வாளிப் பிடியோடு சேர்ந்து இடது கைக்குப் போனது, கரண்டி வாளிக்குள் போனது, வெளியே வந்தது, அவன் சோற்றில் குழம்பு விழுந்தது. நான் ஊற்றவில்லை, கை ஊற்றியது, ராமுத்தாயியின் கை இலை போட்ட மாதிரி. "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க மச்சான்." ஊற்றினேன். பிசைந்தான். நிதானமாக, அஞ்சு விரலையும் விட்டுப் பிசைந்தான். ஒரு கவளத்தை உருட்டி வாயில் போட்டான். பெஞ்சில் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "நல்லது" என்றார் குபேந்திரன். "பேச்சு முடிஞ்சது."

முடிந்தது. அவ்வளவுதான். அவன் நல்லி எலும்பை எடுத்து உறிஞ்சுகிறான், உதட்டில் எண்ணெய் மின்னுகிறது, நான் கத்தியை மறுபடி வலது கைக்கு மாற்றிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறேன், பிடரி என் கத்திக்கு ஒரு முழம் தூரத்தில் இருக்கிறது, நரைத்த முடி, அதற்குக் கீழே அந்தச் சந்து. இப்போது, இப்போது, இப்போது என்று தலைக்குள் அடிக்கிறது. "ஏ பவுனு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "கெளம்பு. ஜீப்பு நிக்கிது." "ஏய், காதுல விழுகல?" அவள் வந்தாள். தலையை முடியவில்லை, கழுத்தை மூடவில்லை, வேண்டுமென்றே மூடவில்லை. பந்தியில் ஒருத்தரும் நிமிரவில்லை, எல்லாருக்கும் திடீரென்று சொந்த இலையில் ஏதோ பெரிய வேலை வந்துவிட்டது. சென்னைப் பெண் மட்டும்தான் பார்த்தது, குச்சியைக் கீழே தொங்கவிட்டுவிட்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டது. பவுனு நேராக வந்து அவன் இலைக்கு எதிரே நின்றாள். "என்னாடி மொறைக்கிற" என்று அவன் எட்டிப் பிடித்தான். பிடித்தது ஒடிந்த கையை. குழம்புக் கையால் அந்தத் துணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் ஒரு இழுப்பு இழுத்தான். அவள் போட்ட சத்தத்தை நான் ஆட்டிடம்கூடக் கேட்டதில்லை. வாளி என் கையில் இருந்து எப்போது விழுந்தது என்று தெரியாது. குழம்பு தரையெல்லாம் ஓடுகிறது, என் இடது கை அவன் தலைமுடியைப் பின்னால் இழுத்துப் பிடித்திருக்கிறது, கத்தி அவன் குரல்வளையில் இருக்கிறது, தோல் பிளந்து ஒரு ரத்தக்கோடு இறங்கி வெள்ளைச் சட்டைக் காலரில் ஊறுகிறது. அவன் கண் மேலே உருண்டு என்னைப் பார்க்கிறது. அந்தக் கண்ணில் பயத்தைப் பார்த்தேன். எவ்வளவு நாளாக அதைப் பார்க்கக் காத்திருந்தேன், தாகத்துக்குத் தண்ணீர் கிடைத்த மாதிரி இருந்தது. "பரமா, வேணாம்டா" என்று குபேந்திரன் கத்துகிறார், ராமுத்தாயி என் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறாள், எனக்கு எதுவும் கேட்கவில்லை, இன்னும் ஒரு அழுத்து, ஒரே ஒரு அழுத்து.

"அண்ணே, கத்திய எடு" என்றாள் பவுனு. அவள் கத்தவில்லை. வலியில் முகம் வெளுத்து, பெஞ்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் குரல் கல்லாவில் உட்கார்ந்து சில்லறை கேட்பவள் குரல் மாதிரி இருந்தது. "கடைக்குச் சாப்பிட வந்தவகள வெட்டுவாகளா? எடு." எனக்குப் புரியவில்லை. புரியாததால்தான் எடுத்தேன். அவள் அவனைப் பார்த்தாள். "சாப்பாடு நூத்தி முப்பது. கறி எம்பது. குடுங்க." அவன் கழுத்தைத் தடவிக் கையைப் பார்த்தான், ரத்தமும் குழம்பும். பிறகு சிரித்தான். "யாருகிட்டடி காசு கேக்குற? நான் இந்த வீட்டு மாப்பிள்ளை." "வீட்டு மாப்பிள்ளையா யாரு வந்தா? எங்கண்ணன் வெலை சொல்லித்தான ஊத்துச்சு. சாட்சிக்கு இத்தன பேரு இருக்காக." அவள் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். "கையில காசு இல்லையின்னா இல்லையின்னு சொல்லிருங்க. பாவம்னு விட்டுருவோம். மேல எஸ்டேட்ல இருந்து கஞ்சிக்கு இல்லாம வர்ற ஆளுகளுக்கு எங்கண்ணன் ஓசியில போடுறதுதான்." ஓசி. அந்தச் சொல் அவன் மூஞ்சியில் அடித்தது. எஸ்டேட்டில் இவனுக்குக் கீழே இருக்கிற கூலிக்காரர்கள் ரெண்டு பேர் கடைசிப் பெஞ்சில் இருந்தார்கள், அதில் ஒருவன் தும்முகிற மாதிரி சிரித்துவிட்டான். தங்கமாயன் சிவந்து போனான். இவனைப் பற்றி மலைக்கே தெரியும், டீக்கடையில் நாலு பேருக்கும் சேர்த்து நோட்டை நீட்டாவிட்டால் தூக்கம் வராது. "ஓசியா? எவன்டி ஓசி? ஓசிச் சோறு திங்கிற மூஞ்சியாடி இது?" எழுந்தான், பெஞ்சு சரிந்தது, சட்டைப் பையில் இருந்து ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை உருவி, சோற்றின் மேல் எறிந்தான். "இந்தா. பிச்சக்காரக் கும்பல். பொறுக்கிக்க. உங்கண்ணனையும் பொறுக்கிக்கச் சொல்லு."

அடுப்பில் ரசம் பொங்கி விறகில் வழிகிற சத்தம் கேட்கிறது. பிறகு குபேந்திரன், கையில் மோர்ச்சோறு காய, மெதுவாக எழுந்து நின்றார். "அடப்பாவி" என்றார். "என்னா காரியம் பண்ணிட்ட." அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் முட்டாள் தலைக்கு அப்போதுதான். காலையில் இருந்து எத்தனை விதமாக வெட்டிப் பார்த்தேன், இது மட்டும் தோன்றவில்லை. அதே வழக்கப்படி, பெண்டாட்டி பிறந்த வீட்டுச் சோற்றுக்குக் காசு கொடுத்தவன் அந்த வீட்டுக்கு யார்? ஒருத்தரும் இல்லை. வழிப்போக்கன். கை நனைத்ததும் இல்லை, பேச்சு முடிந்ததும் இல்லை, பெண்ணைக் கூப்பிட வாயும் இல்லை. தாலியை அறுத்து விலக நினைக்கிறவர்கள்கூடப் பஞ்சாயத்தைக் கூட்டிப் பேசி, மாசக்கணக்கில் அலைந்து செய்வதை இவன் பந்தி நடுவே தன் கையாலே எறிந்துவிட்டான். அவனுக்கும் உறைத்தது. முகம் மாறியதைப் பார்த்தேன். குனிந்து நோட்டை எடுக்கக் கை நீட்டினான், பவுனு முந்திக்கொண்டாள். நல்ல கையால் அதைச் சோற்றில் இருந்து எடுத்து, இலையோரத்தில் வழித்து, என்னிடம் நீட்டினாள். "மீதியக் குடுண்ணே." கத்தியைப் பலகையில் வைத்துவிட்டுக் கல்லாவைத் திறந்தேன். நோட்டு நோட்டாக எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் அதை அவன் முன்னால் வைத்தாள். விரல் எல்லாம் வீங்கிக் கறுத்த இடது கையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, "சரியா இருக்கான்னு பாத்துக்கங்க" என்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, குபேந்திரனைப் பார்த்தான். குபேந்திரன் ஜீப் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "என் வண்டி இன்னைக்கு மேல போகாதுப்பா" என்றார். பந்தியில் இருந்தவர்கள் இப்போது நிமிர்ந்து பார்த்தார்கள், எல்லாரும், மானம் கெட்டவர்கள், இப்போதுதான் நிமிர்கிறார்கள். கடைசியில் அவன் என் பக்கம் திரும்பினான். கழுத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. "மச்சான்" என்றான். பாகு இல்லை, மிரட்டல் இல்லை, நடு ரோட்டில் வழி கேட்கிறவனின் குரல்.

"மீதி வாங்கியாச்சுல்ல சார்" என்றேன். "எந்திரிங்க. பின்னால ஆளு நிக்கிது."